உஸ்தாதைப் பிரிந்த மாணாக்கர்கள்

அறிவை ஏட்டிலிருந்து எடுப்பதைக் காட்டிலும் ஆளிடமிருந்து பெறுவதே நலம் என்னும் கொள்கையின் மீது எழுந்தது இஸ்லாமியக் கல்வி மரபு. ஹதீஸ் கலையில் செய்தியின் வாசகத்திற்கு எவ்வளவு மதிப்பு உண்டோ, அவ்வளவு மதிப்பு அதை அறிவித்தோரின் தொடருக்கும் உண்டு. ஒரு கிதாபை ஓதி முடித்தவனுக்கு உஸ்தாத் வழங்கும் இஜாஸத், அவன் யாரிடம் ஓதினான், அவர் யாரிடம் ஓதினார் என்று நூலாசிரியர் வரை பின்னோக்கிச் செல்லும். எவரிடமும் ஓதாமல் தானே படித்துத் தேர்ந்தவனை நம் முன்னோர் 'ஸஹஃபீ', அதாவது ஏட்டுக்காரன் என்று சற்று இளக்காரமாகவே அழைத்து வந்தனர். இத்தகைய மரபில், உஸ்தாதின் முன் மண்டியிட்டிருந்த மாணவன் ஒருநாள் கிதாபை மூடிவைத்துவிட்டு எழுந்து சென்றால், அவன் ஐயத்துக்குரியவனாகக் கருதப்படுவதில் வியப்பில்லை. ஆனால் நம் வரலாற்றைத் திறந்து பார்த்தால், நாம் யாருடைய நூல்களை ஓதிக்கொடுக்கிறோமோ அவர்களுள் சிலரே அவ்வாறு எழுந்து சென்றவர்களாக இருக்கக் காண்கிறோம்.

இது வெறும் ஏட்டு விவாதமன்று. சேலம் – உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் அமைந்த தியாகதுருகம் போன்ற சிற்றூர்களிலிருந்து, பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியோடு வேலூருக்கும் பிற ஊர்களுக்கும் ஓதச் செல்லும் பிள்ளைகள் இன்றும் உண்டு. அவர்களுள் ஐந்தாண்டு, ஆறாண்டு ஓதிய பின் ஸனது பெறாமல் திரும்பி வருவோரும் உண்டு. வறுமையால் திரும்பியவனை ஊர் மன்னித்துவிடும். கேள்விகளோடு திரும்பியவனை மன்னிப்பதில்லை. தொழுகையை விடாமல், தானே தஃப்ஸீர்களையும் தர்ஜுமாக்களையும் வாங்கி வைத்துப் படித்து, எந்த ஹஜ்ரத்திடமும் செல்லாமல் தன் ஈமானைத் தானே தேடும் இளைஞனைக் கண்டால் ஜமாஅத்துப் பெரியவர்களுக்கு அச்சம் வருகிறது. 'வழிகெட்டுப் போய்விட்டான்' என்னும் தீர்ப்பு விரைவில் வந்துவிடுகிறது. அத்தீர்ப்புக்கு நம் வரலாற்றில் என்ன ஆதாரம் உண்டு என்பதே இங்கே நாம் ஆராய முற்படும் செய்தி.

முதலில் குர்ஆன் ஷரீஃபில் சொல்லப்படும் ஓர் ஆசான், மாணவர் வரலாற்றை நினைவுகூர்வோம். கஹ்ஃப் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்கள் இறைவனிடமிருந்து நேரடியாக ஞானம் வழங்கப்பெற்ற ஓர் அடியாரைத் தேடிச் செல்கிறார்கள். அவர் கிள்று (அலை) என்பது ஹதீஸ்களால் விளங்குகிறது. தாமே சொல்லும் வரை எதைப் பற்றியும் கேட்கலாகாது என்பது ஆசான் விதித்த நிபந்தனை. மரக்கலம் ஓட்டையிடப்படுகிறது, சிறுவன் ஒருவன் கொல்லப்படுகிறான், விருந்தளிக்க மறுத்த ஊரில் விழவிருந்த சுவர் கூலியின்றி நிமிர்த்தப்படுகிறது. மூன்று முறையும் மூஸா (அலை) அவர்களால் வாய் திறவாதிருக்க இயலவில்லை. பிரிவு நேர்கிறது.

முஃபஸ்ஸிர்கள் இவ்வரலாற்றிலிருந்து மாணவனுக்குரிய ஒழுக்கங்களை விரிவாக எடுத்துக் காட்டியுள்ளனர். நம் வகுப்புகளிலும் பெரும்பாலும் அந்தப் பக்கமே ஓதப்படுகிறது. அதே வரலாற்றில் ஆசானுக்குரிய ஒழுக்கம் ஒன்றும் இருக்கிறது. பிரிவை அறிவித்த பின்னரும் கிள்று (அலை) அவர்கள் வாய் மூடிச் சென்றுவிடவில்லை. மூன்று செயல்களுக்கும் உரிய காரணத்தை ஒவ்வொன்றாக விளக்கிவிட்டே பிரிகிறார்கள். மாணவர் வெளியேறுகிறார், விடை மறுக்கப்படவில்லை. மூஸா (அலை) அவர்கள் பொறுமை காத்திருந்தால் நமக்கு இன்னும் பல செய்திகள் கிடைத்திருக்குமே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பியதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. எனவே தங்கியிருப்பதன் பக்கமும் வலுவானதே. ஆயினும் பாடம் முடியுமுன் பிரிந்தமைக்காக ஒரு நபியின் தகுதி குறைந்துவிட்டதாக எவரும் சொன்னதில்லை.

பஸராவில் ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களின் சபையிலிருந்து வாஸில் இப்னு அதா விலகி, பள்ளிவாசலின் வேறொரு தூணருகே சென்று அமர்ந்த செய்தி யாவரும் அறிந்ததே. பெரும்பாவம் செய்தவனின் நிலை பற்றிய கேள்வியில் அப்பிரிவு நேர்ந்ததாகவும், 'முஅதஸிலா' என்னும் பெயர் அதனின்று வந்ததாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பெயர்க் காரணத்தை வேறு விதமாகக் கூறும் ஆய்வாளர்களும் உளர். இந்த ஒரு நிகழ்ச்சியை வைத்தே 'உஸ்தாதை விட்டவன் கதி' என்று உபதேசம் செய்வோர், அதே பஸராவில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின் நடந்ததை ஏனோ சொல்வதில்லை. முஅதஸிலாக்களின் தலைவரான அல்ஜுப்பாயீ (வஃபாத் ஹிஜ்ரி 303) அவர்களிடம் நாற்பது வயதுவரை பயின்ற மாணவர் அபுல் ஹஸன் அல்அஷ்அரீ (ரஹ்). மூன்று சகோதரர்களின் மறுமை நிலை குறித்து அவர் கேட்ட கேள்விக்கு ஆசானால் விடை கூற முடியவில்லை என்பது புகழ்பெற்ற செய்தி. பின்னர் ஒரு வெள்ளிக்கிழமை பஸரா ஜாமிஆ பள்ளியில் மக்கள் முன் நின்று, தம் பழைய கொள்கையைக் கழற்றி எறிந்துவிட்டதாக அவர் அறிவித்தார். தமிழகத்து ஷாஃபிஈ மக்களாகிய நாம் அகீதாவில் அஷ்அரீகள் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். நம் கொள்கைப் பள்ளியின் பெயரே ஆசானை விட்டுப் பிரிந்த ஒருவரின் பெயர்.

இனி ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் வருவோம். இவர்களைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) தூஸில் பிறந்த அவர்களின் தந்தை கம்பளி நூற்று விற்றவர். இறக்கும் தறுவாயில் இரு புதல்வர்களையும் சிறிது பணத்தோடு ஒரு ஸூஃபி நண்பரிடம் ஒப்படைத்தார். பணம் தீர்ந்ததும் அந்த நண்பர், உணவுக்கேனும் வழி கிடைக்கட்டும் என்று பிள்ளைகளை மத்ரஸாவில் சேர்த்துவிட்டார். நம் மத்ரஸாக்களுக்கு இன்று வரும் பிள்ளைகளுள் பலருடைய கதையும் இதுவே என்பதை இங்கே சொல்லாமல் இருக்க இயலவில்லை. ஜுர்ஜானில் ஓதித் திரும்பும் வழியில் கள்வர்கள் பொருளைப் பறித்தனர். பாடக் குறிப்பேடுகளையாவது திருப்பித் தருமாறு கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தலைவனிடம் கெஞ்சினார்கள். ஏட்டைப் பறித்தால் பறிபோகும் அறிவும் ஓர் அறிவா என்று அவன் நகைத்துவிட்டுக் கொடுத்தானாம். அதன்பின் மூன்றாண்டுகள் அக்குறிப்புகளை மனனம் செய்வதில் செலவாயின. ஸுப்கீ (ரஹ்) அவர்களின் தபகாத்தில் காணப்படும் செய்தி இது.

நைஸாப்பூரில் இமாமுல் ஹரமைன் அல்ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் பயின்று, அவர்கள் கி.பி. 1085இல் மறைந்த பின் வஸீர் நிஸாமுல் முல்கின் அவையைச் சேர்ந்து, 1091இல் பக்தாத் நிஸாமிய்யாவின் தலைமை ஆசிரியரானார்கள். வயது முப்பத்துமூன்று. முந்நூறு மாணவர் வரை சூழ்ந்திருந்தனர் என்று அவர்களே எழுதுகிறார்கள். அந்நாளில் ஓர் ஆலிம் எட்டக்கூடிய உச்சம் அது. அங்கிருந்துதான் இறங்கி நடந்தார்கள்.

அதற்கான வித்து முன்பே விழுந்திருந்தது. கிறிஸ்தவர் பிள்ளைகள் கிறிஸ்தவராகவும், யூதர் பிள்ளைகள் யூதராகவும், முஸ்லிம் பிள்ளைகள் முஸ்லிம்களாகவும் வளர்வதைக் கண்டு, பெற்றோரும் ஆசானும் ஊட்டியதைக் கழித்துவிட்டால் தன்னிடம் எஞ்சும் உறுதி எது என்ற கேள்வி பருவமடையும் வயதிலேயே அவர்களுக்கு எழுந்துவிட்டது. 'அல்முன்கித் மினள் ளலால்' என்னும் தன் வரலாற்று நூலில், தக்லீதின் கட்டு அப்போதே அறுந்தது என்று கூறுகிறார்கள். ஒரு கட்டத்தில் கண்ணால் காண்பதையும் அறிவின் முதற்கோட்பாடுகளையுமே நம்ப இயலாத நிலை இரண்டு மாதங்கள் நீடித்தது. அந்நோய் தீர்ந்தது தர்க்கத்தால் அன்று, இறைவன் நெஞ்சில் இட்ட ஓர் ஒளியால் என்பது அவர்கள் வாக்குமூலம். பின்னர் உண்மையைத் தேடுவோரை முதகல்லிமீன்கள், பாத்தினிகள், தத்துவவாதிகள், ஸூஃபிகள் என நான்கு வகுப்பாராகப் பிரித்து ஒவ்வொருவர் வழியையும் ஆராய்ந்தார்கள். தத்துவத்தை எந்த ஆசானின் துணையும் இன்றி, பாடம் நடத்தியது போக மிஞ்சிய நேரத்தில், இரண்டாண்டுக்கும் குறைவான காலத்தில் தாமே படித்துத் தேர்ந்ததாக எழுதுகிறார்கள். ஏட்டுக்காரன் என்று நாம் இகழும் வழியை இமாம் அவர்களே ஒரு கலையில் கையாண்டிருக்கிறார்கள்!

ஸூஃபிகளின் வழியையும் அவர்கள் முதலில் நூல்களிலிருந்தே அறிந்தார்கள்: அபூதாலிப் மக்கீயின் கூத்துல் குலூப், ஹாரிஸ் முஹாஸிபீயின் நூல்கள், ஜுனைத், ஷிப்லீ, அபூயஸீத் பிஸ்தாமீ (ரஹ்) ஆகியோரின் மொழிகள். அப்போதுதான் அவ்வழியின் எஞ்சிய பகுதி படிப்பால் கிட்டாது, சுவைத்தாலே கிட்டும் என்பது புலனாயிற்று. உடல்நலத்தின் இலக்கணத்தை அறிந்த நோயாளி மருத்துவன், நலமாக இருப்பவன் ஆகிவிடான் என்று உவமை காட்டுகிறார்கள். ஹிஜ்ரி 488 ரஜபில் (கி.பி. 1095) தொடங்கி ஆறு மாத காலம் போவதா, இருப்பதா என்ற போராட்டம். ஒருநாள் பாடம் நடத்த அமர்ந்தபோது நாவு எழவில்லை. உணவு இறங்கவில்லை. இது உள்ளத்திலிருந்து உடலுக்கு இறங்கிய நோய் என்று மருத்துவர்கள் கைவிட்டனர். அதே ஆண்டு துல்கஃதாவில், மக்கா செல்வதாக வெளியே சொல்லிவிட்டு ஷாம் நாட்டை எண்ணிப் புறப்பட்டார்கள். மனைவி மக்களுக்குத் தேவையானதை மட்டும் வைத்துவிட்டு மற்றப் பொருளைப் பகிர்ந்தளித்தார்கள். தமஸ்கஸ் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகலெல்லாம் தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸில் குப்பத்துஸ் ஸக்ராவிலும் அவ்வாறே. பக்தாத் மக்களுக்கு இது விளங்கவில்லை. ஆட்சியாளருக்கு அஞ்சி ஓடினார் என்றனர் சிலர். இஸ்லாத்துக்கு நேர்ந்த கண்ணேறு என்றனர் சிலர். ஒரு மனிதன் தன் ஈமானை நேராகப் பார்க்க விரும்பினான் என்று எவருக்கும் தோன்றவில்லை. ஊர்வாய் அன்றும் இன்றும் ஒன்றே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அதே ஆண்டுகளில் இமாம் அவர்கள் கடுமையாக எதிர்த்து எழுதியது பாத்தினிகளை. அவர்களுக்குத் 'தஃலீமிய்யா' என்றும் பெயர். கற்பிக்கப்படுதலே வழி என்போர் என்று பொருள். மனித அறிவு தவறக்கூடியது, ஆகவே தவறிழைக்காத ஓர் இமாமிடம் ஒப்படைத்துவிட்டுக் கேட்டபடி நடப்பதே மார்க்கம் என்பது அவர்கள் கொள்கை. 1090இல் ஹஸன் ஸப்பாஹ் அலமூத் கோட்டையைக் கைப்பற்றியதும், 1092இல் நிஸாமுல் முல்க் கொலையுண்டதும் அக்காலப் பின்னணி. கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் மறுப்பு எளியது. தவறிழைக்காத ஆசான் நமக்கு உண்டு. அவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. அவருக்குப் பின் வேறொருவரை அவ்வாறு ஏற்க வேண்டுமெனில், இவரே அவர் என்று தெரிந்தெடுப்பது எதனால்? ஏற்பவனுடைய சொந்த அறிவினால் அன்றோ! ஆக, அறிவைப் பயன்படுத்தாதே என்பவனும் அறிவிடமே சாட்சி கேட்க வேண்டியவனாகிறான். ஹஜ்ரத் சொன்னால் மறுபேச்சில்லை என்னும் நிலைக்கு ஒரு மாணவனைப் பழக்குவோர், தாம் அறியாமலே எந்த அணியின் வாதத்தைப் பேசுகிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

ஃபிக்ஹில் தக்லீத் வேறு, அகீதாவில் தக்லீத் வேறு என்னும் பாகுபாடு நம்மிடையே மங்கிவிட்டது. உளூவின் ஃபர்ளுகளை நான்கு இமாம்களுள் ஒருவரைப் பின்பற்றி நிறைவேற்றும் பொதுமகனை ஆதாரம் கேட்டு எவரும் தொல்லைப்படுத்துவதில்லை. ஆனால் இறைவன் உளன், ஒருவன் என்பதைப் பிறர் சொல்லக் கேட்டு மட்டும் நம்புபவனின் ஈமான் செல்லுமா என்பது அஷ்அரீ அறிஞர்களிடையே நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட கேள்வி. செல்லும், ஆனால் ஆராயும் ஆற்றலிருந்தும் ஆராயாமல் விட்டவன் குற்றவாளி என்பது பலருடைய முடிவு. உம்முல் பராஹீன் ஆசிரியர் இமாம் ஸனூஸீ (வஃபாத் ஹிஜ்ரி 895) அவர்கள் இதில் இன்னும் கடுமையானவர். தலைமை ஆலிமுக்கு மட்டுமன்று, முகல்லஃபான ஒவ்வொருவருக்கும் சிந்தித்துத் தெளிவது கடமை என்றே அகீதா நூல்கள் பேசுகின்றன. இதை ஓதிக்கொடுத்துவிட்டு, சிந்திக்கத் தொடங்கிய மாணவனைப் பார்த்து முகம் சுளிப்பது பொருந்துமா?

ஒரு சிறு விலகல். நம் மத்ரஸாக்களின் பாடத்திட்டமாகிய 'தர்ஸே நிஸாமி'யை நிஸாமுல் முல்கின் பக்தாத் நிஸாமிய்யாவோடு இணைத்துப் பேசும் வழக்கம் மேடைகளில் உண்டு. அது பிழை. இது லக்னோ ஃபிரங்கி மஹல் முல்லா நிஸாமுத்தீன் (வஃபாத் 1748) வகுத்தது. அவர் புதல்வர் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ அவர்களே நவாப் வாலாஜாவின் அழைப்பில் சென்னைக்கு வந்து ஓதிக்கொடுத்து, 1810இல் இங்கேயே மறைந்தார்கள். எனவே தமிழகத்துக்கு அப்பாடத்திட்டம் அதன் வீட்டு வாசலிலிருந்தே வந்தது எனலாம்.

அதே காலத்தில் தமிழகத்தின் கீழைக் கடற்கரையில் வேறொரு மரபு செழித்திருந்தது. திப்பு சுல்தானின் படை 1790இல் தியாகதுருகம் கோட்டையை முற்றுகையிட்டுப் பெறாமல் திரும்பி ஈராண்டு கழித்து, தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் சுல்தான் அப்துல் காதிர் பிறந்தார்கள். கீழக்கரையில் தைக்கா சாஹிபு எனப் புகழ்பெற்ற ஷெய்கு அப்துல் காதிர் லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களிடம் மார்க்கக் கல்வி ஓதினார்கள். பதினேழு வயதில் மாமன் மகளை மணம் பேசினர். மறுத்துவிட்டு வீட்டையும் ஓதும் இடத்தையும் ஒருசேரத் துறந்து வெளியேறினார்கள். கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கற்றுக் கரைகண்டு முப்பத்தேழு வயதில் செய்ததை இவர்கள் அரும்பு மீசைப் பருவத்தில் செய்தார்கள். அதில் உள்ள ஆபத்தை நாம் மறைக்கவில்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது.

ஆனால் அவர்கள் சென்ற இடத்தைப் பார்க்க வேண்டும். 1813இல் திரிசிரபுரத்தில் மௌலவி ஷாம் சாஹிபு அவர்களிடம் தீட்சை பெற்றார்கள். ஓர் ஆசானை விட்டவர் இன்னோர் ஆசானைத் தாமே தேடிக்கொண்டார். முன்னவர் பெற்றோர் சேர்த்துவிட்ட ஆசான். பின்னவர் நெஞ்சு தெரிந்தெடுத்த ஆசான். வேற்றுமை இவ்வளவே, ஆனால் சிறிய வேற்றுமையன்று. அதன்பின் மதுரைக்கு அருகே சிக்கந்தர் மலையில் நாற்பது நாள் கல்வத். பின்னர்க் காடுகளிலும் மலைகளிலும் அலைந்த ஆண்டுகள். கண்டோர் 'மஸ்தான்' என்றனர். வெறி கொண்டவர் என்பது அப்பாரசீகச் சொல்லின் பொருள். இகழ்ச்சியாகப் பிறந்த பெயரே புகழாக நிலைத்தது. இறுதியில் சென்னை இராயபுரத்தில் தங்கி, ஹிஜ்ரி 1254 ஜமாதுல் அவ்வல் 14இல் (1838) நாற்பத்தேழாம் வயதில் மறைந்து அங்கேயே அடங்கினார்கள். தொண்டியார் வாழ்ந்ததால் தொண்டியார்பேட்டை என்றிருந்ததே தண்டையார்பேட்டை ஆயிற்று என்பது வழங்கிவரும் செய்தி.

பராபரக்கண்ணி, ரஹ்மான் கண்ணி, மனோன்மணிக் கண்ணி என அவர்கள் பாடிய பாடல்களில் சித்தர் மொழியும் ஸூஃபி மொழியும் கலந்து ஓடுகின்றன. இறைவனைக் காதலியாக்கிப் பாடுவதும், அகத்தீசரைப் பாடுவதும் நம் ஆலிம்களுள் சிலருக்கு ஒவ்வாமையாக இருந்து வருகிறது. அந்த மனத்தடையை நாம் முற்றும் தள்ளிவிடவில்லை. மொழியின் எல்லை தாண்டிய இடங்கள் அவற்றில் உண்டு. எனினும் முஹ்யித்தீன் ஆண்டகை (ரஹ்) அவர்கள் மீது சதகம் பாடி, அவர்களை வழிகாட்டியாக அழைத்து நிற்கும் ஒருவரைக் கட்டறுத்துத் திரிந்தவர் என்று எப்படிச் சொல்வது? ஆசான் வேண்டாம் என்ற குரலை அப்பாடல்களில் நாம் எங்கும் கேட்டதில்லை.

கீழக்கரை ஆசானுக்கு இன்னொரு மாணவரும் வாய்த்தார். காயல்பட்டினத்தில் 1816இல் பிறந்த ஸய்யிது முஹம்மது, மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்றும் இமாமுல் அரூஸ் என்றும் நாம் அறிந்தவர். அவர் பிரியவில்லை. தைக்கா சாஹிபு (ரஹ்) அவர்களிடமே ஓதி, அவர்களின் மகளை மணந்து, அவர்களுக்குப் பின் அந்த மத்ரஸாவையும் தரீக்காவையும் 1898இல் மறையும்வரை நடத்தி, மஙானீ முதலிய அரபுத்தமிழ் நூல்களால் கடற்கரை ஊர்களின் வீடுதோறும் மார்க்கச் சட்டத்தைக் கொண்டுசேர்த்தார். ஒரே விளக்கில் ஏற்றிய இரு திரிகள். இருந்தவரால் ஃபிக்ஹ் பிழைத்தது. பிரிந்தவரால் தமிழ் முஸ்லிமின் நெஞ்சுக்கு ஒரு மொழி கிடைத்தது. பிரிந்து சென்ற மாணவரை ஆசான் சபித்ததாக ஒரு செய்தியும் நாம் கேட்டதில்லை.

கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் திரும்பி வந்தார்கள். ஏறத்தாழப் பதினோர் ஆண்டுத் தனிமைக்குப் பின் 1106இல் நிஸாமுல் முல்கின் மகன் வஸீர் ஃபக்ருல் முல்கின் வற்புறுத்தலால் நைஸாப்பூர் நிஸாமிய்யாவில் மீண்டும் பாடம் நடத்தினார்கள். இது பழைய இடத்துக்குத் திரும்புவதன்று என்று தாமே விளக்கம் எழுதினார்கள்: முன்பு புகழைப் பெற்றுத்தரும் அறிவைப் போதித்தேன், இப்போது புகழைத் துறக்கச் செய்யும் அறிவை என்பது அதன் கருத்து. சிறிது காலத்தில் அதையும் விட்டுத் தூஸுக்குச் சென்று, தம் வீட்டருகே மாணவர்க்கு ஒரு மத்ரஸாவும் ஸூஃபிகளுக்கு ஒரு கான்காஹும் அமைத்தார்கள். குர்ஆன் ஓதுவோருடனும் தேடுவோருடனும் நாளைப் பங்கிட்டுக்கொண்டு, கடைசி நாட்களில் புகாரியையும் முஸ்லிமையும் கேட்டுப் படிப்பதில் ஈடுபட்டிருந்தார்கள் என்று அவர்களை அறிந்த அப்துல் காஃபிர் அல்ஃபாரிஸீ எழுதுகிறார். ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) வஃபாத்தானபோது ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் அவர்கள் மறுபடியும் மாணவராக ஓதிக்கொண்டிருந்தார்கள்.